வட்டத்துக்குள் அகப்பட்ட படுவான்கரை

எனக்கு வரைபடம் தெரியும் என்ற திமிர் சுனாமிக்குப் பிறகு வந்தது. அதற்கு முன் எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வீட்டிலிருந்து கடலுக்குப் போகிற மணல் ஒழுங்கையும் பஸ் ஏறுகிற சந்தியும்தான்.

அலை வந்துபோன பிறகு தேற்றாத்தீவு முகாமில் இருந்த எல்லாருக்கும் ஏதாவது ஒரு பயிற்சி கிடைத்தது. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு படிப்பித்தன. கோழி வளர்ப்புப் படித்தவர்களுக்குக் கடைசிவரை கோழி வந்து சேரவில்லை. தையல் படித்த சில வீடுகளுக்கு இரண்டு மெஷின் வந்தது. அக்கா அழகுக்கலை படித்தாள். எனக்குக் கணினி படிப்பித்து, கையில் ஒரு ஜிபிஎஸ் கருவியையும் தந்து, அழிந்த வீடு ஒவ்வொன்றின் வாசலிலும் நின்று புள்ளி எடுக்கச் சொன்னார்கள். அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் யாருடைய வீடு இருந்தது, யார் அதே இடத்தில் திரும்பக் கட்டலாம், யார் உள்ளுக்குப் போகவேண்டும் என்று கோடு போட்டார்கள். எங்கள் வீட்டுப் புள்ளியையும் நான்தான் எடுத்தேன். அத்திவாரம் மட்டும் கிடந்தது. அம்மாவை அலை கொண்டு போயிருந்தது. அந்த ஒரு புள்ளியை மட்டும் இரண்டு தரம் எடுத்தேன்.

கடற்கரையில் கட்டக்கூடாது என்று சொல்லி, பெரிய ரோட்டுக்கு மேற்கே, வாவிப் பக்கமாக எங்களுக்குப் புது வீடு தந்தார்கள். எங்களுக்கு என்று சொல்வது பிழை. எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் போகிறவரை அந்த வீட்டில் விருந்தாளி. எனவே நான் என் அக்காவின் வீட்டில், அவளுடைய சோற்றைத் தின்றுகொண்டு, அவளுக்கே புத்தி சொல்லிக்கொண்டு இருந்தேன். யுத்தம் முடிந்த பிறகும் அப்படித்தான் இருந்தேன். களுவாஞ்சிக்குடியில் ஒரு கணினிக் கடையில் எனக்கு வேலை.

அத்தான் மேசன். சுனாமி வீடுகள் கட்டுகிற காலத்தில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு அடிபட்டது. நடப்பார், சமைப்பார், பாரம் தூக்க மாட்டார். அவர் வைக்கிற நண்டுக் கறிக்காகவே நான் கலியாணத்தைத் தள்ளிப் போடுகிறேன் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். அது முழுப்பொய் இல்லை. ஆனால் நண்டுக் கறியால் வீடு ஓடாது. அக்கா வெளிநாடு போக முடிவெடுத்தாள். வளைகுடாவில் வீட்டு வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். முகவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்து, மெடிக்கலும் முடித்தாயிற்று. மாசி மாதம் பயணம். சில்லுப் பூட்டிய பெரிய நீலப் பெட்டி ஒன்றும் வாங்கிவந்து அறையில் நிறுத்தினாள்.

அவளுடைய மகளுக்கு அப்போது ஐந்து வயது. பெட்டி வந்த நாளிலிருந்து பிள்ளைக்கு ஒரே கேள்விதான். "அம்மா, எப்ப வருவீங்க?" அக்கா ஒவ்வொரு முறையும், "ரெண்டு வருஷத்தில" என்பாள். ரெண்டு வருஷம் எவ்வளவு பெரிசு என்று பிள்ளைக்குத் தெரியாது. கோயில் திருவிழாவுக்கு முந்தியா பிந்தியா என்று அத்தானிடம் போய்க் கேட்கும். அத்தான் அடுப்புக்குள் விறகைத் தள்ளுவார். தாய் இல்லாத வீடு எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். எனக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே எரிச்சல் வரும்.

அக்கா படித்த தொழில் அவள் கையில் இருந்தது. வீட்டின் முன்னறையில் ஒரு பெரிய கண்ணாடியும் கதிரையும் போட்டு, மணப்பெண் அலங்காரம் என்று பலகையும் மாட்டியிருந்தாள். நெற்றிப்பட்டம், ஒட்டியாணம், சவுரி முடி எல்லாம் இருந்தன. ஆட்கள்தான் வரவில்லை. கல்லடியிலிருந்து கல்முனை வரை சந்திக்குச் சந்தி அதே பலகை. முகாம்களில் அவளோடு படித்த எல்லாரும் மாட்டியிருந்தார்கள்.

அப்போதுதான் நான் வாயை விட்டேன். இணையத்தில் விளம்பரம் போடுவோம் என்றேன். பாசிக்குடாவில் புதிதாக வந்த ஒரு விடுதிக்கு நான் அப்படிச் செய்து கொடுத்து, வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். தேடுபொறியில் ஆட்கள் எதையாவது தேடும்போது நம் விளம்பரம் மேலே வரும். யாராவது அதை அழுத்தினால் மட்டும் நாம் காசு கட்டவேண்டும். எந்த ஊர் ஆட்களுக்குக் காட்டவேண்டும் என்று நாமே சொல்லலாம். இதையெல்லாம் அக்காவுக்கு நான் வாத்தியாரைப் போல விளங்கப்படுத்தினேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டுவிட்டு, தை மாதம் முழுக்க வேலை வந்தால் போகமாட்டேன், பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்குகிறேன் என்றாள். எங்களுக்கு மார்கழியில் கலியாணம் இல்லை. கார்த்திகை நடந்துகொண்டிருந்தது. தைக்கு நாள் வைக்கிற வீடுகள் இப்போதுதான் ஆள் தேடும். காலம் சரி என்று நான் துள்ளினேன்.

முதலில் மட்டக்களப்பு மாவட்டத்துக்குக் காட்டு என்று குறித்தேன். இரண்டு கிழமை ஒரு மணப்பெண்ணும் அழைக்கவில்லை. கடைக் கணினியில் நானே தேடிப் பார்த்தேன். என் விளம்பரம் எனக்கே வரவில்லை. தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. எங்களுக்கு இணையம் தருகிற கம்பனியின் இணைப்பு கொழும்பு வழியாகப் போனதால், களுவாஞ்சிக்குடியில் உட்கார்ந்திருக்கிற என்னையும் தேடுபொறி கொழும்பில் இருப்பதாகவே நம்பியது. அதன் கணக்கில் மட்டக்களப்பில் சனமே இல்லை. இத்தனை வருடச் சண்டையும் அலையும் செய்யாததை அது ஒரே அடியில் செய்துவிட்டிருந்தது.

பின்னே விளம்பரம் யாருக்குத்தான் போனது? அதற்கும் பதில் கிடைத்தது. மட்டக்களப்பில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, மட்டக்களப்பைப் பற்றித் தேடுகிற எவருக்கும் காட்டலாம் என்று அமைப்பு அதுவாகவே வைத்திருந்தது, நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் பின்னேரம் சுவிஸிலிருந்து ஒருவர் அக்காவை அழைத்தார். கலியாணத்துக்கு இல்லை. ஊரில் மழை பெய்கிறதா, வாவியில் இறால் படுகிறதா என்று அரை மணித்தியாலம் கதைத்தார். அக்கா பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, அவருக்குக் கலியாண வயதில் பெண்பிள்ளைகள் இருக்கிறார்களா என்று விசாரித்தாள். இரண்டு பேராம். மூத்தவள் ஒரு வெள்ளைக்காரனை, முகத்துக்குப் பவுடர்கூடப் போடாமல் முடித்துவிட்டாளாம். அவர் அழுத்தியதற்கு நான் காசு கட்டினேன்.

அடுத்ததாக முழு இலங்கைக்கும் திறந்துவிட்டேன். குருநாகலிலிருந்து ஒரு பெண் சிங்களத்தில் அழைத்தாள். அக்கா ஓம் ஓம் என்று சொல்லி வைத்துவிட்டு, என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். கைத்தொலைபேசியில் தேடுகிறவர்களை அது ஓரளவு சரியாகக் கண்டுபிடித்தது. எனவே போன்களுக்கு மட்டும் என்று குறித்து, வரைபடத்தில் எங்கள் வீட்டின்மேல் ஊசியைக் குத்தி, பத்துக் கிலோமீற்றருக்கு ஒரு வட்டம் போட்டேன். விளம்பரத்தில் "உங்கள் வீட்டுக்குக் கிட்டவே" என்று எழுதினேன். வட்டம் அழகாக இருந்தது. கிழக்கே பாதி கடலில் விழுந்தது. மீனுக்குக் கலியாணமில்லை, நட்டமில்லை என்று நினைத்தேன். மேற்கே வாவியைத் தாண்டி விழுந்த பகுதியை நான் நினைக்கவேயில்லை.

இதை இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. வாவியை எங்கள் ஊரில் ஆறு என்றுதான் சொல்வோம். சூரியன் எழும்புகிற இந்தப் பக்கம் எழுவான்கரை, அது படுகிற அந்தப் பக்கம் படுவான்கரை. அங்கே வயலும் ஊருமாகச் சனம் நிறைய இருக்கிறது. ஆனால் சண்டைக் காலம் முழுக்க இந்தக் கரை இராணுவத்திடம், அந்தக் கரை இயக்கத்திடம். துறைக்குத் துறை சோதனை. போகாமல் போகாமல், அங்கே ஊர் இருக்கிறது என்பதையே எங்கள் மனம் விட்டுவிட்டது. நான் அளந்து அளந்து பழகியதெல்லாம் கடல் பக்கம். வாவிக்கு அங்கால் எனக்கு வரைபடம் வெறும் பச்சை நிறம்.

இரண்டாம் நாளே அழைப்பு வந்தது. மணப்பெண்ணின் தாய் பேசினார். மகளுக்குத் தையில் நாள் வைத்திருக்கிறது, அக்கா வீட்டுக்கு வந்து சோடிக்க வேண்டும் என்றார். தூரமா என்று அக்கா கேட்டாள். கிட்டத்தான், விளம்பரத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது, பிள்ளையார் கோயிலுக்குப் பின் வீடு என்றார் அவர். பிள்ளையார் கோயில் இல்லாத ஊர் எங்கே இருக்கிறது? அக்கா சந்தோஷத்தில் வேறொன்றும் கேட்கவில்லை, வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். மறுநாள் வழி கேட்க நான் அழைத்தேன். அந்தத் தாய் நிதானமாகச் சொன்னார். "குருக்கள்மடத்துப் பாதையில ஏறி அம்பிளாந்துறையில இறங்குங்க மனே. மறுகா ரெண்டு கட்டைதான்."

மறுகா என்றால் பிறகு, கட்டை என்றால் மைல். பாதை என்பது எங்கள் பக்கத்தில் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி ஆற்றைக் கடக்கிற மிதவை. காற்று அடித்தால் நிற்கும், இருட்டினால் நிற்கும். பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போகலாம்தான். ஆனால் மாரி வெள்ளம் வடியும்வரை அந்தப் பக்க ரோட்டுகளுக்கு மேலால் தண்ணீர் ஓடும்.

அக்கா என்னை ஏசின ஏச்சை அச்சில் போட முடியாது. விடிய முகூர்த்தம் என்றால் முதல்நாளே போய்த் தங்க வேண்டும், தெரியாத வீடு, தெரியாத கரை, உனக்கு இது கிட்டவா என்று கேட்டாள். கொடுத்த வாக்கை மீற அவள் ஆள் இல்லை. எனக்கும் ரோசம் வந்துவிட்டது. அன்றைக்கே கடைக்குப் போய், காட்டவேண்டாத இடங்கள் என்ற பகுதியில் வாவியின் மேற்குக் கரை முழுவதையும் குறித்து வெட்டிவிட்டேன். இனி இப்படிப் பிழை வராது என்று நிம்மதியாக வீடு வந்து நண்டுக் கறி சாப்பிட்டேன்.

பிழை வரவில்லை. அழைப்பும் வரவில்லை. மார்கழி முழுக்க அக்காவின் போன் சும்மா கிடந்தது. வட்டம் இப்போது சரியாக எங்கள் கரையில் மட்டும் இருந்தது. எங்கள் கரையில் எவருக்கும் விளம்பரம் தேவைப்படவில்லை, அவரவர் சந்தியில் அவரவருக்குத் தெரிந்தவள் இருந்தாள். தை பிறந்தபோது அக்காவிடம் அந்த ஒரே கலியாணம்தான் இருந்தது. அவள் நீலப் பெட்டியைத் திறந்து, பயணத்துக்கு என்று வாங்கிய உடுப்புகளை அடுக்கத் தொடங்கியிருந்தாள்.

கலியாணத்துக்கு முதல்நாள், சாமான்களை வைக்கத் தோதாக வேறு பெட்டி இல்லாததால், அந்த உடுப்புகளை வெளியே எடுத்துவிட்டு நகைகளையும் சவுரியையும் நீலப் பெட்டியில் வைத்தாள். சுமக்க நானும் போனேன். பிள்ளை பெட்டியைக் கண்டதும் அழத் தொடங்கியது. மாசி வந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். அத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வளவுக்குள் போனார். இடுப்பு நொந்திருக்கும், அன்றைக்கு அவர் அதைச் சொல்லவில்லை.

மிதவையில் அக்கா பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் அம்மாவோடு அக்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போனதுதான் கடைசி என்றாள். ஆறு அமைதியாகக் கிடந்தது. கால் மணித்தியாலத்தில் அக்கரை வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று அவள் கேட்டாள். இருபது வருடம் எட்டிப் பார்க்காத கரை அவ்வளவு பக்கத்தில்தான் இருந்தது.

கலியாண வீட்டில் அந்தத் தாய் எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு, அக்காவிடம் முதலில் கேட்டது அவளுடைய குடியைத்தான். குடி என்கிற குலம் எங்களுக்குத் தாய்வழியாக வருகிறது. ஒரே குடிப் பெண்கள் எங்கே பிறந்தாலும் சகோதரிகள் முறை. அக்கா சொன்னாள். அவருடைய முகம் விரிந்தது. "அப்ப நீ எனக்குத் தங்கச்சிதானேகா. இஞ்ச தெரியாத வீடு எண்டு ஒண்டுமில்ல." அந்த ஒரு வார்த்தையோடு அக்காவின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். பிறகு அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள், சிரிப்புச் சத்தம் வெளியே கேட்டது.

மணப்பெண்ணுக்கு முப்பது தாண்டியிருந்தது. இடம்பெயர்ந்து திரிந்ததில் கலியாணம் தள்ளித் தள்ளிப் போனதாம். கத்தாரிலிருக்கிற தம்பி அனுப்பிய போனில்தான் எங்கள் விளம்பரத்தைக் கண்டிருக்கிறாள். கழுத்தில் ஷெல் பட்ட தழும்பு இருந்தது. மறைத்துவிடவா என்று அக்கா கேட்டாளாம். மாப்பிள்ளைக்குத் தெரியும், இருக்கட்டும் என்றாளாம் பெண். அவள் வெளியே வந்தபோது தழும்பும் தெரிந்தது, அவள் வடிவாகவும் இருந்தாள். வீட்டிலிருந்த பெண்கள் எல்லாரும் பார்க்க வந்து சூழ்ந்துகொண்டார்கள். எனக்கு என் அக்காவை நினைத்துப் பெருமையாக இருந்தது.

தாலி கட்டி முடிந்து நாங்கள் புறப்படும்போது அந்தத் தாய் என்னைக் கூப்பிட்டார். "மனே, உங்கட விளம்பரம் ஏன் இப்ப வருகுதில்ல? என்ட தங்கச்சிர மகளுக்கும் தையிலதான் நாள். அவள் எத்தின தரம் தேடினவள். இஞ்சால குமருகள் எல்லாம் தேடுறாளுகள், ஒண்டும் வருகுதில்லையாம்."

அக்கா பக்கத்தில் நின்றாள். நான் செருப்பைத் தேடுகிறவனைப் போலக் குனிந்தேன்.

திரும்பி வரும்போது மிதவை நடு ஆற்றுக்கு வந்ததும் அவள் கேட்டாள்.

"அந்தக் கரைய நீ வெட்டினியா?"

"ஓம்."

"ஏன்டா?"

"பிழையாப் போட்டுட்டன் எண்டு நீதானே ஏசின."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். "நான் ரெண்டு வருஷம் போகப்போறன் எண்டு ஒனக்குத் தெரியும்தானே" என்று மட்டும் சொன்னாள்.

எனக்குச் செத்துப் போகலாம் போல இருந்தது. சுனாமிக்குப் பிறகு பிறத்தியார் எங்கள் வீட்டின்மேல் கோடு போட்டபோது எவ்வளவு கொதித்தேன். அதே கோட்டை நான் ஒரு கரை முழுவதற்கும் போட்டு, என் அக்காவைப் பிளேனில் ஏற்றப் பார்த்திருக்கிறேன். குருக்கள்மடத்தில் இறங்கியதும் அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, கலியாண வேட்டியோடு நேரே கடைக்குப் போனேன். வெட்டியதை எடுத்தேன். பிறகு யோசித்து, எங்கள் கரையை வெட்டினேன். ஊசியைப் பிடுங்கி அம்பிளாந்துறையில் குத்தினேன். "உங்கள் வீட்டுக்குக் கிட்டவே" என்பதை அழித்துவிட்டு, "ஆறு கடந்து வந்து சோடிப்போம்" என்று எழுதினேன்.

அன்றைக்குப் பின்னேரமே இரண்டு அழைப்பு. ஒன்று தங்கச்சியின் மகள். கிழமை முடிவதற்குள் தை நிரம்பி, மாசிக்கும் ஆள் வந்தது. உண்மையைச் சொன்னால், பாதிப் பேர் விளம்பரத்தைப் பார்த்து வரவில்லை. அந்தத் தாய் சொன்ன இடமெல்லாம் குடி வழியாகச் செய்தி போனது. எங்கள் குடிப் பிள்ளை ஆறு கடந்து வருகிறாள் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். விளம்பரம் யாருக்குப் போகவேண்டும் என்று நான் எத்தனையோ கட்டங்களை அழுத்திப் பார்த்திருக்கிறேன். ஊர் இருக்கிறது, வயது இருக்கிறது, மொழி இருக்கிறது. குடி என்று ஒரு கட்டம் எந்த அமைப்பிலும் இல்லை.

முகவர் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க முணுமுணுத்தார். அக்கா அவர் முன்னால் போய், கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கொடுத்துவிட்டார்.

பயணத்துக்கு என்று வைத்திருந்த நாளில் அவளுக்கு அக்கரையில் ஒரு கலியாணம் அமைந்தது. நாங்கள் எல்லாருமே துறைக்குப் போனோம். அத்தான் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நீலப் பெட்டியை மிதவையில் ஏற்றி வைத்தேன். முகவரின் ஆட்கள் ஒட்டிய துண்டு அதில் இன்னும் இருந்தது, நாட்டின் பெயர் பாதி கிழிந்து. எஞ்சின் இரையத் தொடங்கியபோது பிள்ளை கரையில் நின்று வழக்கமான கேள்வியைக் கேட்டது.

"அம்மா, எப்ப வருவீங்க?"

அக்கா மிதவையின் கம்பியைப் பிடித்துக் குனிந்து சொன்னாள். "நாளைக்கு."

பிள்ளைக்கு நாளை தெரியும். அழவில்லை. கையைக் காட்டிவிட்டு, வீட்டுக்குப் போவோம் என்று அத்தானை இழுத்தது.